பரணில் கிடக்கும் எட்டு எம்.எம்.: வீட்டுச் சினிமாவை மறுபடி ஓடவைக்க ஓர் அறிமுகம்

மதுரைப் பக்கம் பழைய வீடுகளில் பரணை ஒழிக்கும்போது, உள்ளங்கையில் அடங்கும் அட்டைப் பெட்டி ஒன்று சில சமயம் சிக்கும். திறந்தால் ஒரு சின்னப் பிளாஸ்டிக் சக்கரம், அதில் சுண்டுவிரல் நகத்தின் அகலமே உள்ள பிலிம். போட்டோ ஸ்டூடியோவில் காட்டினால் இதைப் பிரிண்ட் போட முடியாது என்பார்கள். வீடியோ கேசட்டை மாற்றித் தரும் கடையில் இது கேசட்டே இல்லை என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அது 8 மி.மீ. சினிமா பிலிம். வீடியோ கேமரா வீட்டுக்குள் வருவதற்கு முன்னால், காதுகுத்தையும் கல்யாணத்தையும் ஓடும் படமாகப் பிடித்து வைக்க வசதியுள்ளவர்கள் பயன்படுத்தியது.

நம் ஊர்ப்பக்கம் அப்படிப்பட்ட வசதி எல்லோருக்கும் இருக்கவில்லை. மலேயா, சிங்கப்பூர், பர்மா, இலங்கை என்று போய்வந்த குடும்பங்கள், எஸ்டேட்காரர்கள், டாக்டர்கள், மிஷன் பங்களாக்களில் இருந்தவர்கள் போன்ற கொஞ்சப் பேரிடம்தான் கேமரா இருந்தது. அதனால்தான் கிடைக்கிற ஒவ்வொரு ரீலுக்கும் மதிப்பு அதிகம். 1980களில் வீடியோ வந்ததும் இந்த வடிவம் வீட்டுப் பொருளாக முடிந்துபோனது. ஆனாலும் உலகம் முழுக்கச் சிலர் இதைப் பொழுதுபோக்காக இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். புது பிலிமும் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

இந்தப் பொழுதுபோக்குக்குள் வர நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு கேமராவைத்தான் தேடுவார்கள். நான் வேறு வழி சொல்வேன்: ஏற்கெனவே எடுத்துவைத்த ரீலைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், படம் எடுப்பது பிறகு. ஒரு வடிவம் உயிரோடு இருக்கிறது என்றால், அதில் பதிந்ததை ஓட்டிக் காட்டத் தெரிந்த ஆள் அந்த ஊரில் இருக்கிறார் என்று பொருள்.

நெகட்டிவ் கிடையாது

பழைய கேமராவில் எடுத்த கல்யாண போட்டோவுக்கு நெகட்டிவ் இருக்கும். அதிலிருந்து எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம். தியேட்டர் படமும் அப்படித்தான். ஒரே நெகட்டிவிலிருந்து போட்ட பல பிரதிகளில் ஒன்று மதுரைக்கு வரும், இன்னொன்று திருச்சிக்குப் போகும். வீட்டுச் சினிமாவில் செலவைக் குறைக்க ‘ரிவர்சல்’ என்ற முறையைக் கையாண்டார்கள். கேமராவுக்குள் ஓடிய அதே பிலிமை லேபில் முதலில் நெகட்டிவாக டெவலப் செய்வார்கள். பிறகு அந்த நெகட்டிவ் உருவத்தைக் கரைத்து எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் வெள்ளி உப்பில் வெளிச்சம் பட வைத்து, மறுபடி டெவலப் செய்வார்கள். இப்போது பிலிமில் இருப்பது பாசிட்டிவ். அதையே சக்கரத்தில் சுற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அதனால் உங்கள் கையில் இருக்கும் அந்தப் பட்டைதான் அன்றைக்கு மணமேடைக்கு முன்னால் கேமராவுக்குள் இருந்தது. தாலி கட்டும் நேரத்தில் அந்த முகங்களில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் விழுந்தது இதன் மேல்தான். இதற்கு வேறு பிரதி எங்கேயும் இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று, இனி ரீலைத் தூக்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். இன்றைய ஸ்கேனைவிட நல்ல ஸ்கேன் பத்து வருஷத்தில் வரும். மூலம் கையில் இருந்தால்தான் அதைச் செய்ய முடியும்.

எந்த ரீல் எது

வீட்டுச் சினிமாவுக்கென்று நான்கு முக்கிய அளவுகள் உண்டு. 1922இல் பிரான்சின் பாத்தே நிறுவனம் 9.5 மி.மீ. பிலிமைக் கொண்டுவந்தது. அதில் ஓட்டை ஓரத்தில் இருக்காது. இரண்டு படங்களுக்கு நடுவே, பிலிமின் மையத்தில் இருக்கும். அடுத்த வருஷமே அமெரிக்காவில் கோடாக் 16 மி.மீ. பிலிமை விட்டது. 16 மி.மீ. பணக்கார வீட்டுப் பொருள். உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம் இருந்த 1932இல்தான் கோடாக் 8 மி.மீ. முறையைக் கொண்டுவந்தது.

அந்த 8 மி.மீ. முறையின் கெட்டிக்காரத்தனம் எனக்கு மிகவும் பிடிக்கும். கேமராவுக்குள் போவது 16 மி.மீ. அகலமுள்ள பிலிம்தான், ஆனால் ஓட்டைகள் இரண்டு மடங்கு. 25 அடி பிலிம் ஓடும்போது ஒரு பாதி அகலத்தில் மட்டும் படம் பதியும். ஓடி முடிந்ததும் நிழலில் நின்று கேமராவைத் திறந்து, சக்கரத்தைத் திருப்பிப் போட்டால், அடுத்த பாதியில் பதியும். லேபில் டெவலப் செய்த பிறகு நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து ஒட்டுவார்கள். 25 அடி வாங்கியவருக்கு 50 அடி படம் கிடைக்கும். பழைய ரீல்களில் நடுவில் ஒரு ஒட்டு தென்பட்டு, அதன் இரு பக்கமும் கொஞ்ச தூரம் வெளிச்சம் பட்டு வெளுத்திருப்பது இதனால்தான்.

1965இல் கோடாக் சூப்பர் 8 முறையைக் கொண்டுவந்தது. அகலம் அதே 8 மி.மீ.தான். ஓட்டையைச் சிறிதாக்கியதால் படத்துக்கு இடம் கூடி, பரப்பளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது. 50 அடி பிலிமும் ஒரு பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜுக்குள் அடைத்து வரும். கேமராவுக்குள் சொருகி மூடினால் போதும். அதே வருஷம் ஜப்பானின் பியூஜி நிறுவனம் ‘சிங்கிள் 8’ என்று வேறு வடிவக் கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்தது. அதன் பிலிம் சூப்பர் 8 புரொஜெக்டரிலேயே ஓடும்.

கையில் கிடைத்தது எது என்று பார்க்க ஒரு பூதக்கண்ணாடியும் ஜன்னல் வெளிச்சமும் போதும். ஓட்டை பெரிதாக, இரண்டு படங்கள் சேரும் கோட்டுக்கு நேரே இருந்தால் பழைய 8. ஓட்டை சின்னதாக, படத்தின் நடுவுக்கு நேரே இருந்தால் சூப்பர் 8. சக்கரத்தின் மையத் துளையும் காட்டிக்கொடுக்கும்: பழைய 8க்குப் பென்சில் நுழையும் அளவில் சின்னது, சூப்பர் 8க்கு அரை அங்குலம். இதைப் பார்க்காமல் ஒன்றை மற்றொன்றின் புரொஜெக்டரில் ஏற்றினால் ஓட்டைகள் கிழிந்துவிடும்.

நேரக் கணக்கும் தெரிந்துகொள்வது நல்லது. சூப்பர் 8இல் ஓர் அடிக்கு 72 படங்கள். 50 அடிக்கு 3,600. நொடிக்கு 18 படம் என்ற வேகத்தில் ஓடினால் மூன்று நிமிஷம் இருபது நொடி. பழைய 8இல் அடிக்கு 80 படங்கள், நொடிக்கு 16 என்ற வேகத்தில் நான்கு நிமிஷத்துக்குச் சற்று மேலே. ஒரு ரீல் என்றால் இவ்வளவுதான். பெரும்பாலானவற்றில் சத்தம் கிடையாது. 1973க்குப் பிறகு வந்த சில சூப்பர் 8 ரீல்களின் ஓரத்தில் பழுப்பு நிறக் காந்தக் கோடு இருக்கும். அவற்றில் மட்டும் பேச்சு பதிந்திருக்கலாம்.

பிலிம் எப்படி ஓடுகிறது

புரொஜெக்டரில் பிலிம் வழுக்கிக்கொண்டே போவதில்லை. ஒரு படம் வெளிச்சத்துக்கு நேரே வந்து நிற்கும், பிறகு ஒரு கொக்கி ஓட்டையைப் பிடித்து அடுத்த படத்தை இழுத்து நிறுத்தும். புதுமண்டபத்தில் வரிசையாகத் தையல் மிஷின்கள் ஓடிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஊசி மேலே இருக்கும்போது கீழிருக்கும் பல் துணியைக் கொஞ்சம் நகர்த்தும், ஊசி இறங்கும்போது துணி அசையாமல் நிற்கும். லூமியேர் சகோதரர்கள் தங்கள் சினிமா எந்திரத்துக்கு யோசனை எடுத்ததே தையல் மிஷினிலிருந்துதான் என்பது சினிமா வரலாற்றில் பலரும் சொல்லும் செய்தி.

கொக்கி இழுக்கும் நேரத்தில் வெளிச்சம் போனால் திரையில் படம் இழுபட்ட மாதிரி தெரியும். அதனால் அந்த நொடித்துளியில் ஷட்டர் என்ற சுழலும் தகடு வெளிச்சத்தை மறைக்கிறது. நொடிக்கு 18 தடவை மட்டும் மறைத்தால் கண் கூசும். ஆகவே ஷட்டரில் மூன்று இறக்கை வைத்து, நிற்கும் ஒவ்வொரு படத்தையும் மூன்று தடவை காட்டுகிறார்கள். 18ஐ 3ஆல் பெருக்கினால் 54. அந்த வேகத்தில் கண்ணுக்கு நடுக்கம் தெரிவதில்லை.

இன்னொன்று, லூப். சக்கரங்கள் பிலிமை நிற்காமல் ஊட்டுகின்றன, கொக்கியோ விட்டு விட்டு இழுக்கிறது. இந்த இரண்டும் மோதாமல் இருக்கக் கொக்கிக்கு மேலும் கீழும் பிலிமைத் தளர்வாக ஒரு வளைவு விட்டுவைப்பார்கள். திரையில் படம் திடீரென்று மேலும் கீழும் குதிக்க ஆரம்பித்தால் லூப் போய்விட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்தி மறுபடி விட வேண்டும். தியேட்டரில் 35 மி.மீ. ஓட்டிய ஆபரேட்டர்களுக்கு இது சத்தத்திலேயே தெரிந்துவிடும். மதுரையில் அந்த வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிலிம் மாட்டக் கற்றுக்கொள்ளுங்கள். அளவு மாறினாலும் கைவேலை ஒன்றேதான்.

மாட்டுவதற்கு முன் மோந்து பாருங்கள்

கிடைத்த ரீலை உடனே ஓட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைக் கொஞ்சம் அடக்க வேண்டும்.

முதலில் பயம் ஒன்றைப் போக்கிவிடுகிறேன். பழைய சினிமா பிலிம் தீப்பற்றும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 1950களின் தொடக்கம் வரை தியேட்டருக்கு வந்த 35 மி.மீ. நைட்ரேட் பிலிம். வீட்டுக்கான 8, 16 அளவுகள் தொடக்கத்திலிருந்தே அசிட்டேட் என்ற பாதுகாப்பான பிலிமில்தான் வந்தன. சூட்டில் உருகும், குபுக்கென்று எரியாது.

ஆனால் அசிட்டேட்டுக்கு வேறொரு நோய் உண்டு. பெட்டியைத் திறந்ததும் ஊறுகாய்க் காடி மாதிரி சுருக்கென்று வாடை வந்தால் அந்த நோய் தொடங்கிவிட்டது. வெப்பமும் ஈரமும் சேர்ந்து பிலிமின் அடித்தளத்தை உடைக்கின்றன. அப்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது. அந்த அமிலமே உடைவதை இன்னும் வேகப்படுத்தும். ட்ரைஅசிட்டேட் பிலிம் 1948இல் வந்தது. பத்து வருஷத்துக்குள் இந்தக் கேட்டைப் பற்றிக் கோடாக் நிறுவனத்துக்கு முதல் தகவல் போனது இந்திய அரசிடமிருந்துதான். நம் ஊர் வெயில் பிலிமுக்கு என்ன செய்யும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

வாடை உள்ள ரீலை மற்றவற்றோடு வைக்காதீர்கள். பக்கத்து ரீலுக்கும் பரவும். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து அறை வெப்பத்தில் வைத்தால் அமிலம் வெளியேற வழியில்லாமல் கேடு கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பரணிலிருந்து இறக்குங்கள். காங்கிரீட் கூரையை ஒட்டிய பரண்தான் கத்திரி வெயிலில் வீட்டிலேயே சூடான இடம். உள்ளறையில், மேற்குச் சுவரை ஒட்டாத அலமாரியின் கீழ்த்தட்டே அதைவிட எவ்வளவோ மேல். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். பாச்சை உருண்டை வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

அடுத்தது சுருக்கம். கெட்டுப்போகும் அசிட்டேட் சுருங்கும். சுருங்கினால் ஓட்டைகளுக்கு இடையிலான தூரம் குறைந்து, கொக்கி தவறான இடத்தில் குத்தும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அதே அளவுள்ள புது லீடர், அதாவது படம் பதியாத முன்பட்டை, ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பிலிமையும் அதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து 100 ஓட்டை எண்ணுங்கள். கடைசியில் அரை ஓட்டை பிசகினாலே எச்சரிக்கை. ஒரு முழு ஓட்டை பிசகினால் 1 சதவீதம் சுருங்கிவிட்டது என்று பொருள். அதைப் புரொஜெக்டரில் ஏற்றவே வேண்டாம்.

தூசு தட்ட, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய மல் வேட்டித் துணி நல்லது. இரண்டு விரல்களுக்கு நடுவே துணியை மடித்துப் பிடித்து, பிலிமை மெல்ல இழுத்து விட வேண்டும். தண்ணீர் படவே கூடாது. படம் இருக்கும் பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் ஊறி உப்பிவிடும், பூஞ்சைக்கும் அதுதான் சாப்பாடு. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஸ்பிரிட்டிலும் தண்ணீர் கலந்திருக்கிறது, அதனால் அதுவும் ஆகாது. அறுந்திருந்தால் சாதாரண செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும். இதற்கென்றே ஓட்டை போட்ட ஸ்ப்ளைஸிங் டேப் இருக்கிறது.

முதல் பார்வைக்குப் புரொஜெக்டர் தேவையே இல்லை என்பது என் கருத்து. எடிட்டர் வியூவர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. இரண்டு பக்கமும் கையால் சுற்றும் சக்கரம், நடுவில் உள்ளங்கை அளவு திரை, உள்ளே ஒரு சின்ன பல்பு. சூடு கிடையாது, மோட்டார் கிடையாது. பிலிம் எங்காவது முரண்டு பிடித்தால் கை உடனே நின்றுவிடும். பழைய சாமான் விற்பவர்களிடம் புரொஜெக்டரைவிட மலிவாகவே கிடைக்கும். பிலிமின் நலம் கருதினால் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

புரொஜெக்டர் வாங்கும்போது

ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் 1960களிலும் 70களிலும் செய்த எந்திரங்கள்தான் அதிகம் கிடைக்கும். ஆஸ்திரியாவின் யூமிக், ஜப்பானின் எல்மோ இரண்டும் பரவலான பெயர்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்தது என்றால் பிளக்கைச் சொருகும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 சைக்கிள். நமக்கு 230 வோல்ட், 50 சைக்கிள். வோல்ட் மாற்றும் திருகு பல மாடல்களில் இருக்கும். இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மர் வேண்டும். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், சைக்கிளை மாற்றாது. அதனால் சில மோட்டார்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும்.

பல வருஷம் தூங்கிய எந்திரத்தில் முதலில் போயிருப்பது ரப்பர் பெல்ட். தொட்டால் தார் மாதிரி ஒட்டும் அல்லது உதிரும். அசல் பெல்ட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. மோட்டார் பம்ப் ரிப்பேர் கடைகளில் விற்கும் ஓ-ரிங்குகளில் பொருத்தமான அளவு பெரும்பாலும் அகப்படும். பழைய கிரீஸ் இறுகியிருக்கும், அதைச் சுரண்டித் துடைத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு விட்டால் போதும். எண்ணெய் அதிகமானால் பிலிமில் தெறிக்கும். பல்பைப் பொறுத்தவரை, 12 வோல்ட் 100 வாட் ஹாலோஜன் போடும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். அது இன்னும் கிடைக்கிறது. இன்னும் பழைய மாடல்களின் பெரிய உயர்வோல்ட் பல்புகளைத் தேடிப் பிடிப்பது சிரமம்.

பிலிம் போகும் வழியில் இருக்கும் சன்னமான ஜன்னலுக்கு ‘கேட்’ என்று பெயர். ஒவ்வொரு ரீலுக்கும் முன்னால் அதைத் துடைக்க வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு மண்துகள் ரீல் முழுக்க நீளக் கோடு போட்டுவிடும். குடும்பப் படத்தை ஏற்றும் முன், இழந்தாலும் கவலையில்லாத வேறு பிலிம் எதையாவது இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். நல்ல ரீலின் தலைப்பில் ஐந்தாறு அடி புது லீடரை ஒட்டிக்கொண்டால், மாட்டும்போது ஏற்படும் கசங்கலெல்லாம் லீடரோடு போய்விடும்.

திரையில் ஓடுவதை செல்போனில் பிடிக்கப் பார்த்தால் படம் விட்டு விட்டு இருட்டடிக்கும். போன் நொடிக்கு 30 படம் எடுக்கிறது, புரொஜெக்டர் 18 காட்டுகிறது, இரண்டும் ஒத்துப்போவதில்லை. வேகத்தை மாற்றும் வசதி உள்ள புரொஜெக்டரை நொடிக்கு 16⅔ படத்துக்குக் குறைத்து, போனில் 25 என்று வைத்தால் இந்தத் தொல்லை தீரும். மூன்று இறக்கை ஷட்டரில் 16⅔ என்பது சரியாக 50 தடவை வெளிச்சம். 25இன் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு. உறவினர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்ப இது போதும். நிரந்தரமாக வைக்க, ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக ஸ்கேன் செய்ய வேண்டும்.

புதிதாகப் படம் எடுக்க

பார்க்கப் பழகிய பிறகு எடுக்கும் ஆசை வரும். வரட்டும். சூப்பர் 8 கார்ட்ரிட்ஜைக் கோடாக் இன்றும் தயாரிக்கிறது: வெயிலுக்கு 50டி (50D), உள்ளரங்குக்கு 200டி (200T), மங்கிய வெளிச்சத்துக்கு 500டி (500T) என்ற பெயர்களில் கலர் நெகட்டிவ்கள், கறுப்பு வெள்ளையில் ட்ரை-எக்ஸ், கலர் ரிவர்சலில் எக்டாக்ரோம். கடைசி இரண்டும்தான் டெவலப் ஆனதும் நேரே புரொஜெக்டரில் ஓடுபவை. செக் நாட்டின் போமா நிறுவனம் பழைய 8க்கும் கறுப்பு வெள்ளை ரிவர்சல் பிலிம் தந்திருக்கிறது. செலவு அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிலிம், டெவலப்பிங், தபால் எல்லாம் சேர்த்து மூன்றரை நிமிஷத்துக்குக் குறைந்த படத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

பழைய கோடாக்ரோம் கார்ட்ரிட்ஜ் ஒன்று திறக்காமல் கிடைத்தால் சந்தோஷப்பட்டு வாங்கிவிடாதீர்கள். அதைக் கலரில் டெவலப் செய்த உலகின் கடைசி லேப், அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் இருந்தது. 2010 முடிவோடு அந்த வேலையை நிறுத்திவிட்டது. இனி அதில் கறுப்பு வெள்ளைதான் வரும். ஆனால் அந்தக் காலத்திலேயே டெவலப் ஆன கோடாக்ரோம் ரீல் உங்களிடம் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இருட்டில் வைத்திருந்தால் அதன் நிறம் மற்ற கலர் பிலிம்களைப்போலச் சீக்கிரம் வெளுப்பதில்லை. அறுபது வருஷத்துக்கு முந்தைய அரக்குநிறப் பட்டுப்புடவை இன்னும் அரக்காகவே தெரியும்.

கேமராவில், சாவி கொடுத்து ஓடும் பழைய 8 வகைக்கு பாட்டரியே வேண்டாம். சுவிட்சர்லாந்தின் போலெக்ஸ் அதில் பேர்போனது. சூப்பர் 8 கேமராக்களுக்கு சாதாரண பென்டார்ச் பாட்டரி போதும், ஆனால் பலவற்றில் வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கென்று தனியாக 1.35 வோல்ட் பாதரச பாட்டரி இருந்தது. அது இப்போது தயாரிப்பில் இல்லை. 1.5 வோல்ட் பட்டன் செல்லைப் போட்டால் மீட்டர் தவறாகக் காட்டும். காதுகேட்கும் கருவிக்குப் போடும் ஜிங்க்-ஏர் செல்லின் வோல்ட் பழையதற்கு மிக அருகில் இருக்கும். அளவுக்கு ஏற்ப ஒரு வளையம் வைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

மதுரை வெயிலில் மீட்டர் இல்லாமலும் சமாளிக்கலாம். நொடிக்கு 18 படம் ஓடும் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு நொடி. நல்ல உச்சி வெயிலில் 50 வேகப் பிலிமுக்கு (வேகம் என்பது இங்கே பிலிம் வெளிச்சத்தை உணரும் திறன்) லென்ஸின் துவாரத்தை எப்-16 என்ற சிறிய அளவில் வைத்தால் சரியாக இருக்கும். பல கேமராக்களில் அதற்கு மேல் மூட இடம் அதிகம் இல்லை. 500 வேகப் பிலிமைப் பகலில் போட்டால் அத்தனையும் வெளுத்துப் போகும். அழகர் விடியற்காலையில் ஆற்றில் இறங்குவதைப் பிடிக்க அந்த 500 வேண்டும். அதே நாள் பத்து மணி வெயிலில் வைகைக்குள் நிற்கும் கூட்டத்துக்கு 50. ஒரே கார்ட்ரிட்ஜில் இரண்டும் ஆகாது.

இங்கேதான் இந்த வடிவம் நமக்கு எதையோ கற்றுக்கொடுக்கிறது. மூன்று நிமிஷம் இருபது நொடி மட்டும் கையில் இருந்தால், சித்திரைத் திருவிழாவில் எதை எடுப்பீர்கள்? தேரை ஆயிரம் பேர் போனில் எடுப்பார்கள். தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சும் பையன், சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடம் ஏற்றி நிற்கும் பெரியம்மா, மண்டகப்படியில் பானகம் ஊற்றுகிற கை என்று ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு நொடி ஒதுக்கினால், ஒரு ரீலில் இருபத்தைந்து காட்சிகள் அடங்கும். விரலை அழுத்துவதற்கு முன் நெடுநேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். கேமராவை அங்கும் இங்கும் வீசாமல் ஓரிடத்தில் நிறுத்தி எடுங்கள். நொடிக்கு 18 படத்தில் வேகமாகத் திருப்பினால் எல்லாம் கலங்கிவிடும்.

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே டெவலப் செய்கிறவர்களும் உண்டு. நம் ஊரில் அதற்கு எதிரி தண்ணீர்தான். கரைசல்கள் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கணக்கிட்டவை. கோடையில் மேல்தொட்டித் தண்ணீர் 30ஐத் தாண்டிவிடும். சூட்டில் பூச்சு இளகி நழுவும். பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் வைத்தே செய்ய வேண்டும். கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர், இல்லாவிட்டால் போர் தண்ணீரின் உப்பு புள்ளி புள்ளியாகப் படியும். காயப்போட மாடிக் கொடி ஆகாது. 15 மீட்டர் ஈர பிலிமும் தூசியைப் பிடித்துவிடும். நெகட்டிவ் உருவத்தைக் கரைக்கும் பிளீச் கரைசலில் சில வகைகள் கடும் நச்சு, குறிப்பாக டைகுரோமேட். தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

ஊர் கூடிப் பார்க்கலாம்

2003இல் தொடங்கி, பல நாடுகளில் வருஷத்துக்கு ஒருநாள் வீட்டுச் சினிமா தினம் நடத்துகிறார்கள். ஊர்க்காரர்கள் பரண் ரீல்களைக் கொண்டுவருவார்கள். தெரிந்தவர்கள் சோதித்து, சீர்செய்து, அங்கேயே ஓட்டிக் காட்டுவார்கள். மதுரையில் ஒரு பள்ளிக்கூட ஹாலும் வெள்ளைச் சுவரும் ஒரு நல்ல புரொஜெக்டரும் இருந்தால் இதைச் செய்துவிடலாம். தமிழ்நாட்டில் இந்த அறிவே இல்லாமலும் இல்லை; பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் 2017இல் சென்னையில் பிலிம் பாதுகாப்புப் பயிலரங்கே நடத்தியது.

எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. வெள்ளைக்காரக் குடும்பங்கள் இந்தியாவில் எடுத்த வீட்டுச் சினிமாக்கள் கேம்பிரிட்ஜின் தெற்காசிய ஆய்வு மையத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவர்கள் கேமராவுக்கு நம் பாட்டன்மார் பெரும்பாலும் பின்னணிக் கூட்டம். நம் வீட்டார் நம் வீட்டாரை எடுத்த ரீல்களோ இன்னும் தகரக் கூரைக்கும் கரையானுக்கும் நடுவில் கிடக்கின்றன. ஒரு ரீல் வைத்திருப்பவர் எடைக்குப் போடும் முன் தெரிந்த ஒருவரிடம் கேட்க வேண்டும். கேட்க ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளாக நீங்கள் ஆகலாம்.

ஓட்டும் நாளில் வீட்டில் மூத்தவர் யாரையாவது பக்கத்தில் உட்கார வையுங்கள். இந்தப் படங்களில் பேச்சு இல்லை, எழுத்து இல்லை. பந்தியில் மூன்றாவதாக உட்கார்ந்திருப்பது கம்பத்துச் சித்தப்பாவா, போடி மாமாவா என்று சொல்ல அவர் ஒருவரால்தான் முடியும். அவர் பேசுவது முழுவதையும் போனில் பதிவு செய்யுங்கள், இடையில் திருத்த வேண்டாம். இரண்டாவது தடவை ஓட்டும்போது இன்னும் நாலு பெயர் ஞாபகத்துக்கு வரும். அப்புறம் ஊர், வருஷம், விசேஷம், ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். சுருக்கமாக லீடரின் மேலும் அழியாத மார்க்கரில் எழுதலாம். படம் உள்ள பிலிமின் மேல் மட்டும் எதுவும் எழுதாதீர்கள்.